கடைசலும் பிசினும் பொன்னும் – ஒரு மரக்கிண்ணத்தின் வரலாறு

முன்னுரை

பொன்னிழை ஓடிய மரக்கிண்ணம் ஒன்றைக் காண்போர் முதலில் அதன் பொன்னையே காண்பர். பின்னர், பொன்னைத் தாங்கி நிற்கும் கருமையான மெருகைக் காண்பர். மெருகுக்குள் மறைந்து நிற்கும் மரத்தைக் காண்போர் சிலரே. ஆனால் கிண்ணம் உருவாகும் முறையோ இதற்கு நேர்மாறானது. முதலில் மரம், அடுத்துப் பிசின், இறுதியில் பொன். காண்பவன் கண் செல்லும் வழி வேறு; செய்பவன் கை செல்லும் வழி வேறு. கை சென்ற வழியே ஒருமுறை நடந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தைக் கடைந்து, பிசின் பூசி, பொன் சேர்த்துக் கிண்ணம் செய்யும் கலை உலகின் பல நாடுகளில் உண்டு. அவற்றுள் ஜப்பான் நாட்டில் அது பெற்ற வளர்ச்சி தனிச் சிறப்புடையது. அந்நாட்டில் உணவு உண்ணும் எளிய கிண்ணமும், அரண்மனைப் பேழையும் ஒரே மரத்தின் பாலால் மெருகு பெற்றன. ஆதலின் ஜப்பானியக் கிண்ணத்தையே சான்றாகக் கொண்டு இக்கலையை விளக்க முற்படுவோம். தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன பயன் எனக் கேட்கலாம். அதற்குரிய விடை, 'கடைதல்' என்னும் நம் சொல்லிலேயே தொடங்குகிறது.

கடைதல் என்னும் சொல்

தயிரைக் கடைகிறோம். மரத்தையும் கடைகிறோம். பண்டைத் தமிழர் தீயையும் கடைந்தனர். தீக்கடைகோல் என்னும் சொல் அதற்குச் சான்று. வெண்ணெய் எடுப்பதும், தீ எடுப்பதும், மரத்தில் உருவம் எடுப்பதும் தம்முள் தொடர்பற்ற மூன்று வேலைகள். இவற்றிற்கு ஒரே வினைச்சொல் அமைந்தது எவ்வாறு? மத்தில் கயிற்றைச் சுற்றி இருபுறமும் மாறி மாறி இழுக்கும்போது மத்து முன்னும் பின்னும் சுழல்கிறது. தீக்கடைகோலும் அவ்வாறே சுழல்கிறது. பழைய கடைசற் பொறியில், மரக்கட்டை பொருத்திய தண்டில் கயிற்றைச் சுற்றி இழுக்கும்போது கட்டையும் அவ்வாறே சுழல்கிறது. செய்யப்படும் பொருள் வேறாயினும் செய்கை ஒன்றே. அச்செய்கையைக் கண்ட கண்ணே சொல்லைப் படைத்தது எனக் கருத இடமுண்டு.

குயவன் சக்கரத்தில் மண் சுழல்கிறது. கை அதனை வனைகிறது. கடைசற் பொறியில் மரம் சுழல்கிறது. உளி அதனைச் செதுக்குகிறது. மண் வேண்டுமளவும் கூட்டிக்கொள்ள இடந்தரும். மரமோ குறைப்பதற்கு மட்டுமே இடந்தரும். ஒருமுறை சீவிய சீவலை மீண்டும் ஒட்ட இயலாது. 'கடைந்தெடுத்த' என்னும் வழக்கு, வேண்டாதது யாவும் நீங்கியபின் எஞ்சி நிற்கும் திருத்தத்தைக் குறித்ததும் இதனாலேயே. அவ்வழக்கு இன்று வசைமொழிக்கு அடைமொழியாகத் தேய்ந்துவிட்டது.

பத்து லட்சம் சிறு கோபுரங்கள்

ஜப்பானியர் கடைசற் பொறியை 'ரொகுரோ' என்பர். கடைசற்காரரைக் 'கிஜிஷி' என்பர். இத்தொழில் அங்கு எவ்வளவு பழமையானது என்பதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று உண்டு. 764ஆம் ஆண்டு எழுந்த கிளர்ச்சி ஒன்று அடங்கியபின், பேரரசி ஷோதோகு மரத்தாலான சிறு கோபுரங்கள் பத்து லட்சம் செய்து வைக்குமாறு ஆணையிட்டார். அப்பணி 770ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் உயரமுள்ள அக்கோபுரங்கள் கடைசற் பொறியில் கடையப் பெற்றவை. ஒவ்வொன்றின் உள்ளும் அச்சிடப்பட்ட பௌத்த மந்திரத் தாள் ஒன்று வைக்கப்பட்டது. உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுத்தாள்களுள் அவையும் அடங்கும். அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிப்பிடும் அத்தாள்களை இத்தனை நூற்றாண்டுகள் காத்து வந்தது கடைசற்காரரின் மரவேலையே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி கோயிலில் இவற்றுள் 40,000க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. அடிப்பகுதிகளில் பொறியின் பற்கள் பிடித்த தழும்புகள் காணப்படுகின்றன. கடைந்தவர் பெயரும் நாளும் மையால் எழுதப்பட்ட கோபுரங்களும் பல கிடைத்துள்ளன. பேரரசியின் பெயரை வரலாறு எழுதிவைக்கும். கடைசற்காரர் பெயரை அவர் கடைந்த மரமே எழுதிவைத்திருக்கிறது.

இத்தொழிலின் தோற்றம் பற்றிக் கடைசற்காரரிடையே வழங்கும் மரபுக்கதை வேறு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இளவரசர் கொரேதகா (844–897), அரியணை வாய்ப்பை இழந்து மலைநாட்டில் ஒதுங்கி வாழ்ந்தபோது, சுவடிச் சுருளின் உருளை கயிறு இழுபடுவதால் சுழல்வதைக் கண்டு கடைசற் பொறியை அமைத்தார் என்பது அக்கதை. இக்காலத்து ஷிகா மாநிலத்து மலையூர்களைக் கடைசற்காரர் தம் மூல இடமாகப் போற்றி வந்தனர். இளவரசர் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே பத்து லட்சம் கோபுரங்கள் கடையப்பட்டுவிட்டன ஆதலின் இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் இக்கதைக்கு ஒரு பயன் இருந்தது. நல்ல மரம் தேடி மலைக்கு மலை பெயர்ந்து திரிந்த அம்மக்கள், இளவரசரின் வழிவந்தோர் எனக் கூறும் ஆவணங்களைக் கையில் வைத்திருந்தனர். எந்த மலையிலும் மரம் வெட்டும் உரிமையை அவற்றைக் காட்டியே கோரினர். ஊரும் நிலமும் இல்லாத தொழிலாளர்க்கு அக்கதையே அடையாளச் சீட்டாய் அமைந்தது.

கட்டை கிண்ணமாகும் வகை

கிண்ணத்திற்குக் கெயாகி, தோச்சி, மிசுமே முதலிய மரங்கள் பயன்படுகின்றன. மரத்தை எவ்வாறு அறுத்துக் கட்டை எடுப்பது என்பதே முதற் கேள்வி. அடிமரத்தைப் பலகையாக அறுத்து, அப்பலகையிலிருந்து வட்டம் எடுப்பது ஒரு முறை. அடிமரத்தைக் குறுக்கே துண்டாக்கி, மரம் நின்ற நிலையிலேயே கிண்ணமும் நிற்குமாறு கட்டை எடுப்பது மற்றொரு முறை. இஷிகாவா மாநிலத்து யாமனாகா ஊரினர் இரண்டாவது முறையைக் கையாள்வதிற் பெயர் பெற்றவர்கள். மரத்தின் நாரோட்டம் அடியிலிருந்து விளிம்பு நோக்கி நேரே செல்வதால் இம்முறையில் செய்த கிண்ணம் எளிதிற் கோணுவதில்லை. மிக மெல்லியதாகவும் கடைய இயலும்.

பச்சை மரம் நீர் நிறைந்தது. அதனை அப்படியே கடைந்து முடித்தால், உலர்ந்தபின் வட்டம் நீள்வட்டமாகும், வெடிப்பும் தோன்றும். ஆகவே முதலில் தடித்த சுவருடன் பருவெட்டாகக் கடைந்து, புகையூட்டி உலர்த்தி, மாதக்கணக்கில் ஆறவிடுவர். மரம் கோண வேண்டிய அளவெல்லாம் கோணி ஓய்ந்தபின், மீண்டும் பொறியிலேற்றி உரிய கனத்திற்குக் கடைவர். மரம் அடங்கும்வரை தொழிலாளி காத்திருக்கிறான். இக்காத்திருப்புக் கூலிக் கணக்கில் வருவதில்லை. ஆனால் கிண்ணத்தின் ஆயுட்கணக்கில் வந்துவிடுகிறது.

முற்காலத்தில் ஒருவர் கயிறு இழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். இழுப்பவர் பெரும்பாலும் கடைசற்காரரின் மனைவியாகவோ மக்களாகவோ இருந்தனர். பின்னர் நீராற்றலும் மின்னாற்றலும் வந்தன. ஆயினும் கடைசற்காரர் தமக்கு வேண்டிய உளிகளைத் தாமே உலையில் காய்ச்சி அடித்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. கிண்ணத்தின் உட்குழிவுக்கு ஏற்பவும், தம் கைக்கு ஏற்பவும் உளியின் வளைவு அமைய வேண்டும். கடையில் விற்கும் உளி அதற்குப் போதாது. யாமனாகாவில் இத்தொழிலைப் பயிற்றும் அரசுப் பயிற்சி நிலையம் 1997ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. இவ்வூரைச் சார்ந்த கடைசற் கலைஞர் கவகிதா ரியோசோ, 1994இல் அந்நாட்டு அரசால் மரவேலைக் கலைக்குரிய 'வாழும் தேசியச் செல்வம்' எனச் சிறப்பிக்கப் பெற்றார்.

ஈரத்தில் இறுகும் பிசின்

கடைந்த கிண்ணம் அழகாயிருக்கும், ஆனால் உழைக்காது. சூடான குழம்பு பட்டால் உறிஞ்சும். ஈரம் பட்டால் உப்பும். அதற்குப் போர்வை தருவது 'உருஷி' எனப்படும் மரப்பால்.

உருஷி மரம் மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நாட்டுச் சேராங்கொட்டையும் இக்குடும்பமே. சேராங்கொட்டைப் பால் பட்டால் உடல் கொப்புளிக்கும். துணியில் இட்ட குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. சலவைத் தொழிலாளர் அதனால் குறியிட்டது இவ்வியல்பு கருதியே. உருஷிப் பாலுக்கும் இவ்விரு குணங்களும் உண்டு. பட்ட இடம் தடித்து அரிக்கும். பூசிய இடம் அழியாது நிற்கும். தொழில் பழகத் தொடங்குவோர் பலர் தொடக்கத்தில் இவ்வரிப்பைத் தாங்கியே ஆகவேண்டும். இறுகியபின் அந்நச்சுத்தன்மை நீங்கிவிடுகிறது. அதனாலேயே உணவுக்கலமாகப் பயன்படுகிறது.

இப்பாலை எடுக்கும் முறையும் அறியத்தக்கது. மரம் பால் தரும் பருவத்தை அடையப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஜூன் முதல் இலையுதிர் காலம் வரை, நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பட்டையிற் கிடைக்கீறலாகக் கீறிக் கசியும் பாலைச் சுரண்டி எடுப்பர். நாள்தோறும் கீறினால் மரம் தளர்ந்துவிடும். இடைவெளி கூடினால் பால் குறையும். ஒரு பருவம் முழுவதும் உழைத்தால் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் மட்டுமே. அதன்பின் மரம் வெட்டப்படுகிறது. வேரிலிருந்து துளிர்க்கும் கன்று அடுத்த தலைமுறைக்குரிய மரமாகிறது. பதினைந்தாண்டு வளர்ப்பின் பயன் ஒரு குவளைப் பால் என்பதை எண்ணும்போது, உருஷி பூசிய கிண்ணத்தின் விலை நமக்கு வியப்பளிக்காது.

உருஷியின் வியப்புக்குரிய இயல்பு, அது உலரும் விதம். துணி வெயிலில் உலரும். வண்ணப்பூச்சு காற்றில் உலரும். உருஷியோ ஈரக்காற்றில் இறுகும். இருபது பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் உள்ள மரப்பேழைக்குள் கிண்ணத்தை வைத்து இறுகச் செய்வர். நீர் ஆவியாகிப் போவதால் நிகழும் உலர்வு அன்று இது. பாலிலுள்ள நொதி ஒன்று, ஈரத்தின் துணையுடன் காற்றிலுள்ள உயிர்வளியைச் சேர்த்து, 'உருஷியால்' என்னும் பொருளைப் பின்னிப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. அந்நொதியை 1883ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் யோஷிதா ஹிகோரொகுரோ கண்டறிந்தார். பின்னர் அது 'லாக்கேஸ்' எனப் பெயர் பெற்றது. நொதிகளைப் பற்றிய ஆய்வு இளம்பருவத்தில் இருந்த காலத்திலேயே, ஒரு கைத்தொழிற் பிசின் அவ்வாய்வுக்குத் துணைநின்றது குறிப்பிடத்தக்கது.

இவ்வாறு இறுகிய உருஷியை நீரும் சாராயமும் கரைக்கா, வெந்நீரும் வருத்தாது. 1873இல் வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியக் கலைப்பொருள்களை ஏற்றித் திரும்பிய 'நீல்' என்னும் கப்பல், 1874இல் ஜப்பானை நெருங்கிய நிலையில் கடலில் மூழ்கியது. ஓராண்டுக்கும் மேலாகக் கடலடியிற் கிடந்து மீட்கப்பட்ட பொருள்களுள் உருஷி பூசிய பேழைகள் கெடாதிருந்தன. இப்பிசினுக்குப் பகை ஒன்றுண்டு. அது கதிரவன் ஒளி. நெடுநாள் வெயில் பட்டால் அதன் மெருகு மங்கும்.

அரக்கும் உருஷியும்

இங்கு ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துதல் தகும். ஆங்கிலத்தில் இவ்வகை மெருகுகள் யாவற்றையும் 'லாக்கர்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுவர். அச்சொல்லின் மூலம் ஜப்பானில் இல்லை. வடமொழி 'லாக்ஷா' பாரசீகத்தில் 'லாக்' எனவும், அரபியில் 'லக்கு' எனவும் வழங்கி, போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பா சென்றது. கிழக்கின் சரக்கோடு சொல்லும் பயணம் செய்த வழி அது.

அரக்கு மரப்பால் அன்று. மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அது வெப்பத்தில் உருகும், குளிர்ந்தால் இறுகும், சாராயத்திற் கரையும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைவோர், சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் பற்றும். அதன்மேல் தாழை ஓலையை அழுத்தி மெருகேற்றுவர். அரை நாழிகைக்குள் பூச்சு முடிந்துவிடும். உருஷிக்கோ மாதங்கள் வேண்டும். அரக்கு நெருப்பால் ஆள்வது. உருஷி ஈரத்தால் ஆள்வது. இரண்டும் உயர்ந்தவையே, பணி மட்டும் வேறு.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஜப்பானிய மெருகின்மீது பெருங்காதல் கொண்டனர். உருஷிப் பால் அவர்கட்குக் கிட்டவில்லை. நெடுங்கடற் பயணத்தில் அது கெட்டுவிடும். ஆகவே போலி மெருகு செய்யக் கற்றனர். 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட நூல் இவ்வித்தையை விளக்குகிறது. அவர்கள் கையாண்ட பிசின்களுள் தலையானது இந்திய அரக்கு. ஜப்பானின் அழகை இந்தியாவின் அரக்கால் நடித்துக் காட்டினர் எனலாம். அதே காலத்தில் சீனத்திலிருந்து சென்ற, உருஷி பூசிச் செதுக்கிய பெருந்திரைகளை ஐரோப்பியர் 'கோரமண்டல் திரைகள்' என்றனர். அவை நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதே அப்பெயருக்குக் காரணம். செய்த நாட்டின் பெயர் மறைந்து, கடந்த கரையின் பெயர் நிலைத்தது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

மீண்டும் கிண்ணத்திற்கு வருவோம். இஷிகாவா மாநிலத்தின் நோட்டோ தீபகற்பத்திலுள்ள வாஜிமா நகரம் உருஷிப் பணிக்குப் புகழ்பெற்றது. அந்நகரத்து முறையில் ஒரு கிண்ணம் நிறைவுபெற நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. உடையக்கூடிய விளிம்பிலும் அடிவட்டத்திலும், உருஷியும் அரிசிக்கூழும் கலந்த பசையால் துணி ஒட்டுவர். பின்பு அவ்வூரிற் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடியாக்கி, உருஷியுடன் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுவர். முதலிற் பருமண், அடுத்து நடுத்தரம், பின்பு நுண்மண் எனப் பல அடுக்குகள். ஒவ்வொன்றும் இறுகியபின் கல்லால் தேய்த்துச் சமன் செய்வர். அதன்மேல் இடைப்பூச்சு; அதன்மேல் தூசியில்லாத அறையில் மேற்பூச்சு. மேற்பூச்சுத் தூரிகை மனித முடியால் ஆனது. இரும்பு சேர்ந்தால் உருஷி கறுக்கும். சாதிலிங்கம் சேர்ந்தால் சிவக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் நம் கண்ணிற் படுவது மேற்பூச்சு ஒன்றே. துணியும் மண்ணும் கூழும் உள்ளே மறைந்துவிடும். அடிப்பூச்சைக் குறைத்துச் செய்த கிண்ணமும், முறையாகச் செய்த கிண்ணமும் விற்பனை நாளில் ஒன்றுபோலவே தோன்றும். பத்தாண்டு கழித்தே வேறுபாடு தெரியும். வாங்குபவர் காணாத இடத்திலும் வேலையைக் குறைக்காமையே இத்தொழிலின் அறம்.

பொன் சேரும் விதம்

பொன் சேர்ப்பதில் மூன்று முறைகளைக் குறிப்பிடலாம். முதலாவது 'மகி-எ', தூவும் ஓவியம் என்பது பொருள். இறுகிய மெருகின்மேல் உருஷியால் ஓவியம் தீட்டி, அது ஈரமாயிருக்கும்போதே, வாயில் நுண்துணி கட்டிய குழலைத் தட்டித் தங்கப்பொடி தூவுவர். ஈரமுள்ள இடத்தில் மட்டும் பொன் பற்றும். அதன் நுட்பமான வகையொன்றில், தூவிய பொன்னை மறைத்து மேற்பரப்பு முழுவதும் மீண்டும் உருஷி பூசிவிடுவர். பின்பு கரித்துண்டால் சிறிது சிறிதாகத் தேய்க்கத் தேய்க்க, புதைந்த பொன்னோவியம் மெருகின் மட்டத்திலேயே வெளிப்படும். சற்று மிகுதியாகத் தேய்த்தாலோ பொன் போய்விடும்.

இரண்டாவது 'சின்கின்', அமிழ்த்திய பொன் என்பது பொருள். மெருகில் நுண்ணுளியால் கோடுகள் செதுக்கி, அக்கோடுகளில் உருஷி தேய்த்து, பொன் ரேக்கோ பொடியோ அழுத்துவர். மேற்பரப்பைத் துடைத்தால் கீறலில் மட்டும் பொன் நிற்கும். அடிப்பூச்சுத் தடித்த வாஜிமாக் கிண்ணங்கள் இச்செதுக்கைத் தாங்குவதால், அந்நகரம் இதிலும் பெயர் பெற்றது.

மூன்றாவது, பொன் ரேக்கையே ஒட்டுவது. ஜப்பானின் பொன் ரேக்கில் மிகப் பெரும்பங்கு கனசாவா நகரில் உருவாகிறது. தனித்தாள்களின் இடையே பொன்னை வைத்து அடித்து அடித்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்திற்குக் கொணர்வர். அதனை விரலால் தொட்டால் விரலோடு போய்விடும், மூச்சுப்பட்டால் பறக்கும். மூங்கிற் கோலாலேயே எடுத்து வைப்பர்.

செயற்கைப் பிசின்

இன்று பல நாடுகளில் மரம் கடைவோர் 'எப்பாக்சி' என்னும் செயற்கைப் பிசினைக் கையாள்கின்றனர். வெடித்த கட்டை, முடிச்சு விழுந்த கட்டை, பூச்சி அரித்த கட்டை முதலியன முன்பு விறகாகும். இன்று அவ்வெடிப்புகளில் வண்ணப் பிசினை ஊற்றி இறுகச் செய்து, மரத்தையும் பிசினையும் ஒன்றாகவே கடைந்து கிண்ணமாக்குகின்றனர். இரு நீர்மங்களைக் குறித்த அளவிற் கலந்தால் வினை நிகழ்ந்து இறுகும். வினையின்போது வெப்பம் பிறப்பதால், தடிப்பாக ஊற்றினால் கொதித்து வெடிப்புறும். படலம் படலமாக ஊற்றுதல் வேண்டும். மரம் நன்கு உலராதிருப்பின் குமிழிகள் எழும். இறுகாத பிசின் தோலுக்கும், கடையும்போது எழும் தூள் நுரையீரலுக்கும் தீங்கு செய்யும் ஆதலின் கையுறையும் முகமூடியும் இன்றியமையாதன.

இக்கிண்ணத்தின் விளிம்பிலோ உட்புறத்திலோ பொன் ரேக்கு ஒட்டுவதும் உண்டு. பசை பூசியவுடன் ஒட்டலாகாது. அது பாதி உலர்ந்து, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரவேண்டும். விலை கருதிப் பித்தளை ரேக்கு ஒட்டினால் நாளடைவிற் கறுக்கும். மேலே காப்புப் பூச்சு வேண்டும். உண்மைப் பொன்னுக்கு அக்கவலை இல்லை. பிசின் மாறினும் காத்திருப்பும் பதமறிதலும் மாறவில்லை என்பது இங்குத் தெளிவாகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. எப்பாக்சி ஆலையிலிருந்து வருகிறது. எவரும் எங்கும் வாங்கலாம். உருஷியோ ஒரு மலைச்சாரலையும், அங்கு வாழும் மக்களையும் நம்பியிருக்கிறது.

அறுபடும் சங்கிலி

அந்நம்பிக்கைக்கு நேர்ந்துள்ள இடர்ப்பாட்டை இனிக் காண்போம். ஜப்பானில் பயன்படும் உருஷியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனத்திலிருந்து இறக்குமதியாவது. உள்நாட்டு உருஷியின் பெரும்பகுதி இவாதே மாநிலத்து ஜோபோஜி என்னும் சிறு வட்டாரத்தில் விளைவது. பழங்கோயில்களைப் பழுதுபார்க்க இனி உள்நாட்டு உருஷியையே பயன்படுத்துவதென அந்நாட்டுப் பண்பாட்டுத் துறை 2015இல் முடிவு செய்தது. முடிவு செய்தவுடன் பால் பெருகிவிடாது. மரம் நட்டுப் பதினைந்தாண்டு காக்கவேண்டும். கீறும் கத்தி செய்யும் கொல்லர் வேண்டும். கீறத் தெரிந்தவர் வேண்டும். அவரிடம் கற்க இளைஞர் வேண்டும். 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானிய மரக்கட்டடக் கலைக்குரிய மரபுத் திறன்களை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, உருஷி எடுத்தலும் பொன் ரேக்கு அடித்தலும் அதனுள் இடம்பெற்றன. பட்டியல் பெருமை தரும். மரத்தை நடுவதற்குக் கைகளே வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நோட்டோ தீபகற்பத்தை 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வாஜிமா நகரின் காலைச் சந்தைத் தெருவும் அதனைச் சூழ்ந்த பகுதியும் தீக்கிரையாயின. உருஷிப் பட்டறைகள் பல இடிந்தன, பல எரிந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் பெய்த பெருமழையின் வெள்ளம் மீண்டு எழுந்தோரை மறுபடியும் வீழ்த்தியது. அந்நகரில் தொழில் பங்கிடப்பட்ட ஒன்று. கடைபவர் ஒருவர்; அடிப்பூச்சுப் பூசுபவர் ஒருவர்; மேற்பூச்சுக்கு ஒருவர்; பொன் சேர்க்க ஒருவர். நகரமே ஒரு பட்டறை. ஆதலின் ஒரு கடைசற்காரரின் கூடம் இடிந்தால் அவரோடு நில்லாது, அவர் கட்டையை எதிர்நோக்கியிருந்த அனைவர் கையும் ஓய்கிறது. கிண்ணங்களை மீண்டும் செய்யலாம். பல்லாண்டுகளாக உலர வைத்திருந்த கட்டைகளையும், தலைமுறையாகச் சேர்த்த உளிகளையும் உடனே ஈடுசெய்ய இயலாது. முதுமையில் உள்ளோர் ஊரைவிட்டுப் பெயர்ந்தால் அவர்தம் கையறிவும் உடன் பெயர்ந்துவிடும். இவ்விழப்பு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் எழுதப்படுவதன்று.

ஆயினும் அந்நகரத்தார் ஓய்ந்துவிடவில்லை. தற்காலிகக் கூடங்கள் அமைத்துப் பணி தொடங்கினர். 2024 ஏப்ரலில் ஜப்பானியப் பிரதமர் அமெரிக்கா சென்றபோது குடியரசுத் தலைவர்க்கு அளித்த பரிசுகளுள் வாஜிமா உருஷிக் குவளைகளும் இருந்தன. உடைந்த கலத்தை உருஷியால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன் தூவும் மரபு அந்நாட்டில் உண்டு. அதனைக் 'கின்சுகி' என்பர். உடைந்ததை மறைக்காமல் பொன்னால் காட்டும் அம்மரபினர், தம் ஊரையும் அவ்வாறே ஒட்டி எடுக்க முயல்கின்றனர்.

முடிவுரை

ஒரு கிண்ணத்தின் பின்னே ஒரு காடும், ஓர் ஊரும், பல தலைமுறைகளும் நிற்பதைக் கண்டோம். அதனோடு ஒரு சொற்றொகுதியும் நிற்கிறது என்பதே தமிழ்த்துறையினர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கடைசல், மெருகு, ரேக்கு, பதம், வைரம், சீவல், சாணை என்பன அகராதி தந்த சொற்கள் அல்ல. பட்டறை தந்த சொற்கள். பட்டறை மூடப்பட்டால் சொல் அகராதியில் இருக்கும். ஆனால் அதன் பொருளைக் கையால் காட்டுவார் இரார். 'கடைதல்' என்பதன் வேர் கயிற்றில் இருப்பதைக் கயிறு இழுப்பவரைக் கண்டவரே உணர்வர்.

மாணவச் செல்வங்கள் தத்தம் ஊரிலுள்ள கடைசற் பட்டறைக்கோ, தச்சுக் கூடத்திற்கோ, பொன்வேலைக் கூடத்திற்கோ ஒரு விடுமுறையிற் சென்று, அங்குள்ள கருவிகளின் பெயரையும் செய்கைகளின் பெயரையும் தொழிலாளர் சொல்லும் வடிவிலேயே எழுதி வருவார்களாயின், அது எளிய பயிற்சியாகவே தோன்றும். ஆனால் அடிப்பூச்சும் அவ்வாறுதான். பூசும் நாளில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. மொழியின் மெருகு நிற்பதும் அத்தகைய அடிப்பூச்சின் மீதே.